ஏற்காட்டுக் கல்லறையும் கார்ன்வாலின் இரண்டு செயின்ட் ஜஸ்ட்களும்: எது எங்கள் தாத்தாவின் ஊர்?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)

அனைவருக்கும் வணக்கம். என் எள்ளுத் தாத்தா சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருந்த ஆங்கிலேயர். 1871இல் சேலத்தில் நடந்த அவரது திருமணப் பதிவின் நகல் எங்களிடம் உள்ளது. அதில் வயது 34 என்பதும் தந்தையின் பெயரும் இருக்கின்றன. தாயின் பெயரோ பிறந்த ஊரோ இல்லை. ஏற்காட்டிலுள்ள அவரது கல்லறைக் கல்லில் பாசி படர்ந்து எழுத்துகள் மறைந்திருந்தன. அதைச் சுரண்டாமல் தண்ணீர் மட்டும் தெளித்து, மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் பார்த்தபோது, பெயருக்குக் கீழே ‘செயின்ட் ஜஸ்ட், கார்ன்வால்’ என்ற வரி தெரிந்தது.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலிலோ செயின்ட் ஜஸ்ட் என்ற பெயரில் இரண்டு பாரிஷ்கள் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப் பகுதிகள்) உள்ளன. ஒன்று லேண்ட்ஸ் எண்ட் அருகே பென்வித்தில் இருக்கிறது, மற்றது ஃபால்மத்துக்கு எதிர்க்கரையில் ரோஸ்லேண்டில். இரண்டின் ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் தாத்தாவின் பெயரும் அவருடைய தந்தையின் பெயரும் பொருந்தும் ஒரு குழந்தை இருக்கிறது. ஒன்று 1836, மற்றது 1837. யாரோ ஒருவர் இணையத்தில் ஏற்றிய வம்சாவளியில் சான்று எதுவும் காட்டாமல் அவரைப் பென்வித் குழந்தையோடு இணைத்திருக்கிறார். பென்வித் சுரங்க ஊர் என்பதால், அவர் கோலார் தங்க வயலுக்கு வந்த சுரங்கத் தொழிலாளி என்று எங்கள் வீட்டில் சொல்லிவருவதும் அதற்கு ஒத்துப்போகிறது. இதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

பதில் (ஏற்காடு)

கோலார் கதையை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்கக் கம்பெனி கோலாரில் பொறுப்பேற்றதே 1880இல்தான். கார்ன்வால்காரர்கள் அங்கே திரளாக வந்தது அதற்குப் பிறகு. 1871லேயே சேலத்தில் மணமுடித்தவர் அதற்காக வந்திருக்க முடியாது. கலெக்டர் காக்பர்ன் 1820 வாக்கில் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பி அதற்குள் நன்கு வேரூன்றிவிட்டது. 1860களின் தொடக்கத்தில் ரயிலும் சேலத்தைத் தாண்டிப் போய்விட்டது. அவரை இங்கே கொண்டுவந்தது பட்டாளமா, ரயில்வேயா, தோட்டமா என்பதைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

ஆகவே இங்கிலாந்துப் பதிவேட்டுக்குப் போகுமுன் இங்குள்ளவற்றைத் தேடி முடியுங்கள். மெட்ராஸ் மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். அவருடைய ஒவ்வொரு பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவிலும் தந்தையின் தொழில் என்னவென்று பாருங்கள். அவர் பட்டாளத்தில் இருந்திருந்தால், லண்டனின் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் விடுவிப்புப் பத்திரம் கிடைக்கலாம். அதில் பிறந்த பாரிஷ் எழுதப்பட்டிருக்கும். உயில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. ஊரிலிருந்த தங்கைக்கு ஐம்பது ரூபாய் விட்டுச் சென்ற ஒரே வரி, பத்துப் பதிவேடுகள் செய்யாததைச் செய்துவிடும்.

பதில் (சேலத்தில் பிறந்து லண்டனில் வசிப்பவர்)

மேலே ஐயா சொன்னது முற்றிலும் சரி. நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: பெயர் பொருந்துவது சான்றாகாது, மற்றக் குழந்தை உங்கள் தாத்தா அல்ல என்று காட்டுவதுதான் சான்றுக்கு அருகில் வரும். இரண்டு குழந்தைகளையும் வாழ்நாள் முழுதும் பின்தொடருங்கள். அதே பாரிஷின் அடக்கப் பதிவேட்டில், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அந்தப் பெயரில் ஒரு சிறு குழந்தை இருக்கிறதா என்று பாருங்கள். அக்காலத்தில் அது அரிதன்று. பிறகு 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள், அதில் ஒவ்வொருவருக்கும் பிறந்த பாரிஷ் குறிக்கப்பட்டிருக்கும். 1841 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்திலேயே பிறந்தவரா என்பது மட்டும்தான் இருக்கும். 1881லும் ஒருவர் அதே ஊரில் மனைவி மக்களோடு இருந்தால், ஏற்காட்டில் வாழ்ந்தவர் அவரல்லர்.

உங்களுக்குச் சாதகமான செய்தியும் உண்டு. 1813 முதல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவுகள் அச்சிட்ட படிவத்தில் எழுதப்பட்டன. பெற்றோர் இருவரின் பெயர், குடியிருந்த இடம், தந்தையின் தொழில் ஆகியவை அதில் இருக்கும். பென்வித் செயின்ட் ஜஸ்ட் தகரமும் செம்பும் வெட்டிய ஊர், ரோஸ்லேண்டோ உழவும் கடலும் சார்ந்தது. ஆகவே அகரவரிசைப் பட்டியலோடு நின்றுவிடாமல் மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள். கார்ன்வாலின் ரெட்ரூத் நகரிலுள்ள கிரெசன் கெர்னோ ஆவணக் காப்பகத்தில் மூலங்கள் உள்ளன. தன்னார்வலர்கள் படியெடுத்த கார்ன்வால் பாரிஷ் பதிவுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பதில் (செவ்வாய்பேட்டை, சேலம்)

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். கார்ன்வாலின் சுரங்க ஊர்களில் மெதடிஸ்டுகள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையிலிருந்து பிரிந்தவர்கள், மிக அதிகம். அவர்களில் பலர் பிள்ளைகளுக்குத் தங்கள் சபையிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள்; அது பாரிஷ் பதிவேட்டில் இராது. அந்தச் சபைகளின் 1837க்கு முற்பட்ட பதிவேடுகள் பெரும்பாலும் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு இப்போது கியூவில் இருக்கின்றன. இங்கே ஆங்கிலிக்கன் கோயிலில் மணமுடித்தார் என்பதால் அவர் பிறப்பிலும் ஆங்கிலிக்கன் என்று கொள்ள வேண்டாம். மூன்றாவதாக ஒரு குழந்தையும் இருக்கலாம்.

கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் நன்றி. ரோஸ்லேண்டின் அடக்கப் பதிவேட்டில் 1838இல் அதே பெயரில், பதினான்கு மாதக் குழந்தை ஒன்று இருக்கிறது. குடியிருந்த இடமும் ஞானஸ்நானப் பதிவில் உள்ளதேதான். அப்படியானால் பென்வித் என்று முடிவு செய்யலாமா?

பதில் (சேலத்தில் பிறந்து லண்டனில் வசிப்பவர்)

ரோஸ்லேண்டை நீக்கலாம். அடக்கப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது என்றாலும், வயதும் இடமும் சேர்ந்து பொருந்துவது வலுவானது. ஆனால் பென்வித்தை உறுதியென்று எழுதாதீர்கள். மெதடிஸ்டு பதிவேடுகளையும், பென்வித் சிறுவன் 1861லும் 1871லும் அந்த ஊரில் இருக்கிறானா என்பதையும் பார்த்து முடிக்கும் வரை, உங்கள் வம்சாவளியில் அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாகவே போட்டு, எந்தெந்தப் பதிவேட்டைப் பார்த்தீர்கள் என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.