பாட்டனார் வழி வந்த .22 ரைபிளுக்கு உதிரிபாகம் தேடியவர்கள்: டெல்டாவிலிருந்து சில அனுபவங்கள்

மயிலாடுதுறை வட்டாரத்திலிருந்து

எங்கள் குடும்பத்தில் இருப்பது பர்மிங்காம் பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த, மார்ட்டினி வகையைச் சேர்ந்த, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் .22 ரைபிள். பாட்டனார் பண்ணையம் பார்த்த காலத்தில் வாங்கியது. பின்னர் பெரியப்பாவின் பெயரில் இருந்து, அவர் காலமான பிறகு வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு மாறியது. என் கைக்கு வந்தபோது, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நுனி உடைந்தும், தோட்டாவின் அடித்தட்டில் அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னின் முனை தேய்ந்தும் இருந்தன. இந்த ரைபிள் சுடும் ரிம்ஃபயர் வகைத் தோட்டாவில் தீப்பற்றும் கலவை அடித்தட்டின் விளிம்புக்குள் இருப்பதால், ஊசி நடுவில் அல்லாமல் விளிம்பில் அடிக்க வேண்டும். அதே மெல்லிய விளிம்பைத்தான் எக்ஸ்ட்ராக்டரும் பற்றி இழுக்கிறது. ஆகவே இந்த இரண்டு பாகங்களும் ‘ஏறக்குறைய’ பொருந்தினால் போதாது.

டெல்டாவில் இரும்புச் சாமான் எது உடைந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது லேத் பட்டறைதான். பம்ப்செட் தண்டிலிருந்து அறுவடை இயந்திரத்தின் பல்சக்கரம் வரை கடைந்து தரும் ஆட்கள் பக்கத்திலேயே இருப்பதால், உறவினர் அனைவரும் அதையே சொன்னார்கள். ஆனால் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதம் என்றே கொள்கிறது. அதன் 5 ஆம் பிரிவின்படி, துப்பாக்கியைப் பழுதுபார்த்துத் தருபவருக்கும் அதற்கான உரிமம் இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவர் நான் பேச்சை முடிப்பதற்குள், “தம்பி, வேற எதை வேணும்னாலும் கொண்டாங்க, இது மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். சட்டப் பிரிவின் எண் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் எனக்கு வாய்த்த ஆலோசனைகளில் அதுவே முதல் தரமானது.

திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலையே இருக்கிறதே, அங்கே கேட்டால் என்ன என்று சிலர் சொல்வதுண்டு. 1966 இல் தொடங்கப்பட்டு, 2021 முதல் மத்திய அரசின் புதிய பாதுகாப்புத் தளவாட நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்கும் அந்தத் தொழிற்சாலை படைகளுக்கு ஆயுதம் செய்யும் இடம். பழைய ஆங்கிலேய ரைபிளுக்கு எக்ஸ்ட்ராக்டர் கேட்டு அதன் வாசலில் போய் நிற்பதில் பயன் இல்லை. போக வேண்டிய இடம், விற்பனைக்கும் பழுதுபார்ப்புக்கும் உரிமம் பெற்ற ஆயுத வணிகரின் கடை.

அப்படி ஒரு கடைக்குச் சென்றபோதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. உரிமம் முதன்முதலில் வழங்கப்பட்ட காலத்தில் எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1991 இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தது. 2020 இல் மயிலாடுதுறை தனி மாவட்டமாயிற்று. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, கோப்பு மட்டும் மூன்று ஆட்சியர் அலுவலகங்களைப் பார்த்துவிட்டது; அவற்றுள் எங்கோ படியெடுத்தவர் துப்பாக்கியின் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார். குழலில் ஓர் எண்ணும் உரிமத்தில் வேறோர் எண்ணும் இருக்கும் துப்பாக்கியைத் தம் பதிவேட்டில் எப்படி ஏற்றுவது என்று வணிகர் கேட்டது முற்றிலும் நியாயம். போதாக்குறைக்கு, உரிமம் செல்லும் எல்லையாகப் பழைய மாவட்டத்தின் பெயரே எழுதப்பட்டிருந்தது. பழைய கோப்பின் நகல், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதங்கள், காவல்துறை அறிக்கை என எல்லாம் சேர்ந்து, எண்ணைத் திருத்தி, எல்லையைத் தமிழ்நாடு முழுவதுக்கும் விரித்து வாங்குவதற்குள் ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் முடிந்துவிட்டன. இதே நிலையில் இருப்பவர்கள் உதிரிபாகத்தைத் தேடுவதற்கு முன், உரிமத்திலுள்ள எண், தயாரிப்பாளர் பெயர், குழலளவு ஆகிய மூன்றையும் ரைபிளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது அடையாளம். பி.எஸ்.ஏ. என்றால் நம் ஊரில் சைக்கிள்தான். ரைபிளின் பக்கவாட்டில் மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாத்திவைத்த முத்திரையைக் காட்டியும், சைக்கிள் கம்பெனி துப்பாக்கி செய்ததா என்று என் மாமனார் நம்ப மறுத்தார். துப்பாக்கி செய்த கம்பெனிதான் சைக்கிளும் செய்தது. அந்த முத்திரை தயாரிப்பாளரை மட்டுமே சொல்லும். துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் பர்மிங்காம் சோதனைச்சாலையின் கிரீட முத்திரை ஏறத்தாழக் காலத்தைச் சொல்லும். மார்ட்டினி வகையிலேயே மாடல் 12, மாடல் 15, பின்னர் 12/15 என்று பல இருப்பதால், எது என்று தெரியாமல் பாகம் கேட்பது பயன் தராது. எங்கள் உரிமத்தில் “.22 ரைபிள்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. உடைந்த பாகத்தை அளவுகோலோடு சேர்த்து வைத்துப் படமெடுத்து, குழலிலும் உடலிலும் உள்ள எல்லாப் பொறிப்புகளையும் எழுதிக்கொண்டு போன பிறகே வணிகரால் பேச முடிந்தது.

வணிகரிடம் வேலை பார்த்த பெரியவர் பழைய பாகங்கள் போட்டுவைத்திருந்த தகரப் பெட்டிகளைக் கிளறி ஒரு ஃபயரிங் பின்னை எடுத்துவிட்டார், எக்ஸ்ட்ராக்டர் கிடைக்கவில்லை. அதை ஸ்பிரிங் எஃகில் அரத்தாலேயே செய்தார். சிம்னி விளக்கின் புகையில் பாகத்தைக் காட்டிக் கரி படியவைப்பார். உரிய இடத்தில் பொருத்தி எடுப்பார். கரி அழிந்த இடத்தில் மட்டும் அரத்தை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, மறுபடியும் புகையில் காட்டுவார். வடிவம் சரியானதும் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, பிறகு மேற்பரப்பில் நீலம் பூக்கும் வரை மெல்லச் சூடேற்றினார். அந்த இரண்டாம் சூடு இல்லாவிட்டால் நுனி கண்ணாடியைப் போல உடையும் என்றார். திருகாணி ஒன்றும் மாற்ற வேண்டியிருந்தது. கடையில் கிடைக்கும் மெட்ரிக் திருகாணியை அவர் தொடக்கூட இல்லை. பழைய ஆங்கிலேய விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக்கின் கோணம் 60 பாகை; பலவந்தமாக ஏற்றினால் உடலில் உள்ள மரை போய்விடும், அதற்கு உதிரிபாகம் எங்கும் இல்லை.

மன்னார்குடியிலிருந்து

எங்களுடையது செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்ட ப்ர்னோ மாடல் 2. போல்ட் இழுத்துச் சுடும் வகை, ஐந்து தோட்டா மேகசின். சுட்ட கூடு வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது. பார்த்தவர்கள் அனைவரும் எக்ஸ்ட்ராக்டர் போய்விட்டது என்றார்கள். சித்தப்பா அதற்காகச் சென்னை வரை விசாரித்துவிட்டார். கடைசியில் உரிமம் பெற்ற கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவர், தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, தோட்டா அமரும் அறையின் வாயை உருப்பெருக்கியில் காட்டினார்: ஊசி அடிக்கும் இடத்தில் ஒரு சிறு பள்ளமும், அதன் உட்பக்கம் பிதுங்கிய ஓர் எஃகுத் துணுக்கும் இருந்தன. தோட்டா இல்லாமலே விசையை அழுத்தி ‘டிக்’ ஓசை கேட்கும் விளையாட்டு எங்கள் வீட்டில் ஒரு தலைமுறையாக நடந்திருக்கிறது. தோட்டா இல்லாதபோது, விளிம்பில் விழ வேண்டிய அடி அறையின் வாயில் விழுகிறது. அந்தப் பிதுக்கம் கூட்டைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கான கருவியால் பிதுக்கத்தை அழுத்திச் சரிசெய்ததும் பழைய எக்ஸ்ட்ராக்டரே ஒழுங்காக வேலை செய்தது. வாங்கவேண்டிய பாகம் ஒன்றுமே இல்லை.

எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழைக்காலத்தில் துரு பிடிக்காமல் இருக்க நம் வீடுகளில் நல்லெண்ணெய் பூசிவைத்தார்கள். அது ஆண்டுக்கணக்கில் காய்ந்து பிசினாகி, போல்ட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை இறுக்கிவிடுகிறது. அடி பலவீனமாகித் தோட்டா வெடிக்காமல் போக, ஸ்பிரிங் கெட்டுவிட்டதென்று புதிது தேடுகிறோம். எங்கள் ஸ்பிரிங், மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறியதும் பிழைத்துக்கொண்டது.

கும்பகோணத்திலிருந்து

மேலே எழுதிய இருவருக்கும் முடிவு நல்லபடியாக அமைந்தது. எனக்கு இன்னும் அமையவில்லை. தாய்மாமன் வழியில் வந்தது வின்செஸ்டர் 1890, ஜான் பிரௌனிங் வடிவமைத்த, முன்கட்டையைப் பின்னிழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிள். அதன் எக்ஸ்ட்ராக்டர் உடைந்திருக்கிறது. இது 1932 வரை ஏராளமாகச் செய்யப்பட்டதால், அமெரிக்காவில் இதற்குப் பாகம் விற்கும் கடைகள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் உறவினர், சிறிய பாகம்தானே, பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன் என்றார். வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பாகமும் ஆயுதம் என்பதால், ஆயுதச் சட்டத்தின் 10 ஆம் பிரிவின்படி அதை இறக்குமதி செய்யவும் உரிமம் வேண்டும். விமான நிலையத்தில் பிடிபட்டால் ஒரு சிறு பாகத்துக்காகப் பாஸ்போர்ட்டும் மானமும் சேர்ந்து போகும். அதற்கான அனுமதி உள்ள வணிகர் மூலமாகவே முயன்றுகொண்டிருக்கிறேன்.

இந்த மாடலை வைத்திருப்போர் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். 1890 ரைபிள் ஒவ்வொன்றும் ஒரே வகைத் தோட்டாவுக்கென்று செய்யப்பட்டது. எந்த வகை என்பது குழலின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். எங்களுடையதில் .22 டபிள்யூ.ஆர்.எஃப். (வின்செஸ்டர் ரிம்ஃபயர்) என்று இருக்கிறது. அந்தத் தோட்டா இன்று பரவலாகக் கிடைக்கும் .22 லாங் ரைபிள் தோட்டாவைவிடப் பருமனானது. சிறியதைப் பெரிய அறையில் போட்டுச் சுட்டால் கூடு வீங்கிக் கிழியும். அப்படிக் கிழிந்த கூடுதான் எங்கள் எக்ஸ்ட்ராக்டரை உடைத்திருக்க வேண்டும் என்று பார்த்தவர் சொன்னார். ஆகவே பாகம் வந்து சேர்ந்தாலும் அதற்குரிய தோட்டா இல்லாமல் சுட முடியாது. சுடும் நிலைக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டு, முறைப்படி செயலிழக்கச் செய்து நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாமா என்று மாமாவின் பிள்ளைகளோடு பேசிவருகிறேன். உரிமம் புதுப்பிக்க வேண்டிய தேதிக்கு முன் முடிவெடுத்தாக வேண்டும்.