கையில் கழற்றி எடுத்த பிறகும் கத்திய சைரன்: உங்களுக்கும் நடந்ததா?

தூக்கம்கெட்டவன்:

நடந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. எழுதித் தொலைத்தாலாவது போகிறதா பார்ப்போம்.

இரவு 2.10. கத்தியது என் கார்தான். ரிமோட்டை அழுத்தினால் கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். மூன்றாவது தடவை இறங்கிப் போய் பானட்டைத் தூக்கி அலாரம் ஃபியூஸைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மூலம் பேட்டரிதானே என்று மைனஸ் முனையைக் கழற்றினேன். அதுவரை விட்டு விட்டுக் கத்தியது, அதற்கப்புறம் மூச்சு விடாமல் கத்தியது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு போல்ட்டைக் கழற்றி, கனெக்டரையும் உருவி, சைரனைக் கையில் எடுத்துவிட்டேன். ஒரு ஒயர் கிடையாது. உள்ளங்கை அளவு கறுப்பு டப்பா. கத்துகிறது! மணிக்கட்டு எலும்பு வரை அதிர்கிறது. கீழே போடவும் தோன்றவில்லை, தூக்கி எறியவும் தோன்றவில்லை. வயிற்றோடு அணைத்துக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினேன். மாடி ஜன்னலிலிருந்து மனைவி கத்தினாள்: "அதை எதுக்குங்க உள்ள கொண்டு வர்றீங்க?" பதில் இல்லை. உண்மையிலேயே எதற்கென்று எனக்கும் தெரியாது.

இரண்டு போர்வைக்குள் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். ஏழெட்டு நிமிஷம் கழித்துத் தொண்டை கட்டியதுபோலாகி நின்றது. காலையில் ஆக்சா பிளேடால் அறுத்துப் பார்த்தால் உள்ளே பொத்தான் மாதிரி ஆறு செல். மூன்று ஒழுகி வெள்ளையாகப் பூத்திருந்தது. திருடன் ஒயரை வெட்டினாலும் கத்த வேண்டும் என்பதற்காகவே சைரனுக்குள் தனி பேட்டரி வைத்திருக்கிறார்கள். அதாவது அந்த ராத்திரி நான் செய்த ஒவ்வொன்றும் ஒரு திருடன் செய்வது. அதற்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

சாவிக்கொத்து:

ஐயோ, என் சைரனில் அடியில் ஒரு சாவித்துளையே இருந்தது. வெளியில் வாங்கிப் பொருத்துகிற சைரன் பலவற்றில் இருக்குமாம், திருப்பினால் உள் பேட்டரி துண்டிக்கப்படும். அந்தச் சின்ன உருண்டைச் சாவி நான்கு வருஷமாக என் கொத்திலேயே தொங்கியது. சூட்கேஸ் சாவி என்று நினைத்திருந்தேன். அது கத்துகிறபோது அதே கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பக்கத்தில் நின்றேன்.

கம்பிவேலி:

எல்லாரும் உடனே சைரனைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறீர்கள். தூக்கம்கெட்டவன் சொல்வதில் செல் ஒழுகியதைக் கண்ணால் பார்த்திருக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படிக்கிற பத்துப் பேரும் நாளைக்கே சைரனை அறுக்கக் கிளம்பிவிடுவார்கள்.

நான் அப்படித்தான் நல்ல சைரன் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினேன். புதுசும் ராத்திரி கத்தியது. அது மட்டமான சரக்கு என்று முடிவு கட்டி இன்னொன்று மாட்டினேன். அதுவும் கத்தியது. மழை பெய்த மறுநாள் மட்டும் கத்துகிறது என்பதைக் கவனிக்கவே இரண்டு மாதம் ஆனது. பானட் பூட்டுக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவு ஒரு ஸ்விட்ச் இருக்கும், பானட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மல்டிமீட்டரை பீப் சத்தம் வருகிற இடத்தில் வைத்து, இரண்டு முனையைத் தொட்டுக்கொண்டு கட்டை விரலால் அந்த ஸ்விட்சை அமுக்கினேன். பீப். விரலை எடுக்காமல் லேசாக ஆட்டினேன். பீப் விட்டு விட்டு வந்தது, அதாவது ஸ்விட்சுக்குள்ளே தொடர்பு விட்டு விட்டுப் போகிறது. அவ்வளவுதான். சைரன் பொய் சொல்லவில்லை, யாரோ பானட்டைத் திறப்பதாக அதற்குத் தகவல் போயிருக்கிறது, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. முதலில் கழற்றிப் போட்ட சைரன் ஞாபகம் வரும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

காரின் பெரிய பேட்டரியையும் பாருங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் நல்ல சார்ஜ். 12க்குக் கீழே போனால் சில அலாரங்கள் யாரோ ஒயரை வெட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும்.

ஈயப்பற்று:

எனக்கு நடந்தது சின்னது. ஒழுகிய செல்லை மாற்றினேன், மூடினேன், மூன்று மாதத்தில் மறுபடி ஊமை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆனால் இங்கே யாரும் முறையாகச் சொல்லவில்லை என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

முதலில், தூக்கம்கெட்டவன் செய்த வரிசை தப்பு. பல கார்களில் இக்னிஷனை ஒரு தடவை போட்டு அணைத்துவிட்டு, கால் நிமிஷத்துக்குள் பேட்டரி முனையைக் கழற்றினால் உரிமையாளர்தான் வேலை பார்க்கிறார் என்று அலாரம் சும்மா இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். டப்பாவை ஓரத் தையலிலேயே அறுக்க வேண்டும், ஆழமாகப் போனால் உள்ளே இருக்கிற போர்டு போய்விடும். செல்கள் பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, ஒன்று 1.2 வோல்ட். ஆறு சேர்ந்தால் 7.2. அதே வகை, அதே எண்ணிக்கைதான் போட வேண்டும். கையில் இருக்கிறதே என்று லித்தியம் காசு செல்லைப் போடாதீர்கள், சைரன் அதையும் சார்ஜ் செய்யப் பார்க்கும், வெடிக்கலாம். செல் உடம்பில் நேரடியாக ஈயம் வைக்கக் கூடாது, சூட்டில் உள்ளே கெட்டுவிடும். தகடு ஒட்டிய செல்லாக வாங்கி அந்தத் தகட்டில் வையுங்கள்.

ஒழுகியிருப்பது அமிலம் இல்லை, காரம். அதனால் வெறும் தண்ணீரால் துடைத்தால் போதாது. பழைய பல் பிரஷை வினிகரில் நனைத்துத் தேய்த்தால் நுரைக்கும், நுரை அடங்கியதும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் கழுவிக் காய விடுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். போர்டில் பச்சை படர்ந்த செம்புக் கோடு அறுந்திருந்தால் மெல்லிய ஒயரால் பாலம் போடலாம்.

இப்போது என் கதை. மூடுவதற்கு வீட்டிலிருந்த சாதாரண சிலிகானைப் பூசினேன், புளிச்ச வாடை அடிக்குமே, அது. அந்த வாடை அசெட்டிக் அமிலம். காயும்போது உள்ளேயே அடைபட்டுக்கிடந்து செம்பைத் தின்றுவிட்டது. எலக்ட்ரானிக்ஸுக்கு என்று வாடையில்லாத நியூட்ரல் வகை கிடைக்கிறது, அதுதான் வேண்டும். திரும்ப மாட்டும்போது சைரனின் வாய் கீழே பார்க்கட்டும், தண்ணீர் தேங்காது. எக்ஸாஸ்ட் சூடு படுகிற இடமும் வேண்டாம்.

தூக்கம்கெட்டவன்:

அண்ணே, நன்றி. ஆனால் அந்த டப்பா அறுத்த அன்றே குப்பைக்குப் போய்விட்டது. கால் நிமிஷ விஷயம் அன்றைக்கு ராத்திரி தெரிந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். இப்போது தெரிந்து என்ன செய்ய?

மெல்லிசை:

ஈயப்பற்று அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் அறுப்பதற்குப் பதில் உடைத்த வண்டியிலிருந்து பழைய சைரன் வாங்கி மாட்டிவிடலாமே என்று யோசிப்பவர்களுக்கு என் கதை.

அப்பாவின் கார். நானே மட்கார்டு உள்மூடியைக் கழற்றி, அதே மாடல் சைரனைத் தேடி வாங்கி மாட்டினேன். பாகத்தில் அச்சடித்த எண்கூட ஒன்றுதான். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெருமையாக ரிமோட்டை அழுத்தினேன். விளக்கு மின்னியது. சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினேன். விளக்கு மட்டும். அப்பா எதுவும் சொல்லவில்லை, காதை மட்டும் என் பக்கம் கொஞ்சம் திருப்பினார், தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று. அந்தத் திருப்பலை என்னால் மறக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். சில கார்களில் கம்பெனியிலேயே பொருத்தி வருகிற சைரன் வெறும் ஹாரன் இல்லை, காரின் கம்ப்யூட்டரோடு பேசும். வேறு வண்டியின் சைரனை, கார் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஸ்கேனர் கருவி வைத்துப் பதிவு செய்தால்தான் இது ஏற்றுக்கொள்ளும். தனியாக வாங்கி மாட்டுகிற இரண்டு ஒயர், மூன்று ஒயர் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்குவதற்கு முன்னால் உங்களுடையது எது என்று பாருங்கள். அப்புறம், பழைய சைரன் என்றால் உள்ளே இருக்கிற செல்லும் பழசுதானே, அதையும் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

ஒருகாது:

யாரும் காதைப் பற்றிச் சொல்லவில்லை.

சைரனை மேஜையில் வைத்து, 12 வோல்ட் கொடுத்துச் சோதித்தேன். முகத்துக்கும் அதற்கும் ஒரு முழம். ஐந்து நொடி இருக்கும், கூடப் போனால் ஆறு. நிறுத்திவிட்டுத் திரும்பினால் வாசலில் மகன் நிற்கிறான். அவன் உதடு அசைகிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் மறுபடி ஏதோ சொல்கிறான், நான் சிரித்துத் தலையாட்டினேன். அன்றைக்கு என்ன கேட்டான் என்று இன்றுவரை அவனிடம் கேட்கவில்லை. இரண்டு நாள் வலது காதில் ரீங்காரம்.

இந்த டப்பாக்கள் ஒரு மீட்டர் தூரத்தில் 110, 120 டெசிபல் போகும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 115ஐத் தொடும்போது அரை நிமிஷம்கூட மிஞ்சாது. சைரனின் வாயில் தடித்த துணியை அடைத்து, உங்கள் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு சோதியுங்கள். அலமாரியில் வைத்துப் பூட்டிய தூக்கம்கெட்டவன்தான் இங்கே புத்திசாலி.

நிம்மதி:

நான் சைரனைக் கழற்றி வைத்துவிட்டேன், திரும்ப மாட்டவே இல்லை. ஒரு வருஷம் ஆகிறது. கதவு பூட்டுகிறது, விளக்கு மின்னுகிறது. வேறென்ன வேண்டும்?

கம்பிவேலி:

நிம்மதி, இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது அலாரம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்ப விடாத இம்மொபிலைசர் வேறு விஷயம், அது சைரன் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்குபவனுக்கு இம்மொபிலைசர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நிம்மதி:

கத்தினால் மட்டும் யார் வந்து பார்க்கிறார்கள்? தூக்கம்கெட்டவனின் தெருவில் எத்தனை பேர் இறங்கி வந்தார்கள் என்று கேளுங்கள்.

தூக்கம்கெட்டவன்:

ஒருத்தரும் வரவில்லை. இரண்டு வீட்டில் லைட் போட்டார்கள், அணைத்துவிட்டார்கள்.

ஈயப்பற்று:

தம்பி, டப்பா குப்பைக்குப் போனது சரி. செல்களையும் சேர்த்தா போட்டீர்கள்? அதைக் குப்பையில் போடக் கூடாது.

தூக்கம்கெட்டவன்:

இல்லை அண்ணே, ஆறையும் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுக்க. முனை ஒன்றோடொன்று தொடாமல் டேப் ஒட்டியாகிவிட்டது. ஒட்டுவதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஐந்து செத்துவிட்டது. ஒன்று இன்னும் 1.1 வோல்ட் காட்டுகிறது. அதைப் பார்த்தால்தான் கோபம் கோபமாக வருகிறது.