மஸ்கட் என்று நினைத்து வாங்கிய மஸ்கதே

பிரான்சின் நாந்த் நகரத்துக்கு வேலைக்கு வந்து மூன்றாவது மாதம். கூட வேலை பார்ப்பவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்து. வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் ஊரிலும் இங்கேயும் ஒரே வழக்கம்தான். அவர் மனைவி பேரிக்காய் டார்ட் செய்யப்போவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இனிப்போடு குடிக்க மஸ்கட் என்ற இனிப்பு வைன் நல்லது என்று யாரோ சொன்னதும் நினைவில் இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் 'மஸ்க' என்று தொடங்கும் ஒரு பாட்டில் கண்ணில் பட்டது. ஆறு யூரோகூட இல்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டார்ட் வந்ததும் அதைத் திறந்தார்கள். பாயசம் குடித்த வாயில் எலுமிச்சை பிழிந்த மாதிரி இருந்தது. மேசையில் யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். கடைசியில் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "மஸ்கட் வேறு, மஸ்கதே வேறு. அது வாசனைத் திராட்சை. இது எங்கள் ஊர் வெள்ளை வைன், இதில் இனிப்பே கிடையாது. சனிக்கிழமை என்னோடு சந்தைக்கு வா" என்றார்.

தலான்சாக் சந்தைக்குப் போனோம். நம் மீன் மார்க்கெட் போலத்தான், தரையெல்லாம் ஈரம், கூச்சல், பனிக்கட்டி மேல் மீன். ஒரு ஓரத்தில் ஒருவர் குட்டைக் கத்தியால் சிப்பிகளைத் திறந்துகொண்டிருந்தார். நாந்த் பக்கத்திலிருக்கும் பூர்நெஃப் வளைகுடாவிலிருந்து வந்தவை. நின்றபடியே அரை டஜன், கூடவே சின்னக் கிளாஸில் மஸ்கதே. சமைக்காத பச்சைச் சிப்பி எனக்கு அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். வாய் முழுக்கக் கடல்தண்ணீர்க் கரிப்பு. உடனே ஒரு மடக்கு மஸ்கதே. அந்தக் கரிப்பை அது அடக்கவில்லை, துடைத்தது. பச்சை ஆப்பிளைக் கடித்த புளிப்பு, நாக்கு நுனியில் சோடா மாதிரி ஒரு சுருக், கடைசியில் லேசான துவர்ப்பு. போன வாரம் எனக்குப் பிடிக்காமல் போன அதே சரக்குதான் இது. இரண்டாவது சிப்பிக்குக் கண்ணை மூடவில்லை.

அந்தச் சுருக் எங்கிருந்து வருகிறது என்று ல பாலே என்ற ஊர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனபோதுதான் புரிந்தது. கிடங்கு என்றால் மரப் பீப்பாய் வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். தோட்டக்காரரோ தரையில் ஒரு மூடியைத் தூக்கினார். கீழே, உள்சுவரில் கண்ணாடி பதித்த தொட்டி. இந்தப் பக்கத்துப் பழைய முறை அது. பூமிக்கடியில் இருப்பதால் வருடம் முழுக்கச் சூடு ஏறாது. திராட்சைச் சாறு புளித்து முடிந்ததும் ஈஸ்டெல்லாம் செத்து அடியில் மண்டியாகத் தங்கும். பல இடங்களில் வைனைத் தெளிவாக இறுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இவர்கள் குளிர்காலம் முழுக்க அந்த மண்டியின் மேலேயே விட்டு, வசந்தத்தில் நேராகப் பாட்டிலில் அடைக்கிறார்கள். இடையில் இறுத்து மாற்றாததால் உள்ளே கரைந்திருக்கும் கொஞ்சம் வாயு தப்பிப்பதில்லை. நாக்கில் சுருக்கென்று படுவது அதுதான். மண்டியால் ஒரு புளித்த மாவு வாசனையும், வாயில் ஒரு மெத்தென்ற தன்மையும் வருகிறது. லேபிளில் 'சூர் லீ' என்று போட்டிருந்தால் இந்த முறை என்று அர்த்தம். அது இல்லாததை நான் வாங்குவதில்லை.

திராட்சை இந்த ஊருடையது அல்ல என்பதையும் அவரே சொன்னார். பேர் மெலோன் தெ பூர்கோன்யு, கிழக்கே பர்கண்டியிலிருந்து வந்தது. 1709 குளிர்காலம் பிரான்சையே உறைய வைத்தது. இங்கிருந்த கொடிகளில் பெரும்பகுதி போய்விட்டது. குளிரைத் தாங்கும் என்று மெலோனை நட்டார்கள். டச்சு வணிகர்களும் பிராந்தி காய்ச்ச வாசனை தூக்கலாக இல்லாத வெள்ளை வைனைத்தான் தேடினார்கள், அவர்களுக்கும் இது தோதுப்பட்டது. குளிரைத் தாங்கும் என்று நட்டதற்கும் ஏப்ரல் பனியில் தப்பிக்க வழியில்லை. 2021 ஏப்ரலில் விழுந்த பனியைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இறங்கிவிட்டது, நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்துவிட்டு 'தண்ணி மாதிரி இருக்கு' என்று சொல்லாதீர்கள், நானும் அப்படிச் சொன்னவன்தான். கால் மணி நேரம் வெளியே வையுங்கள். பத்து டிகிரி பக்கம் வந்தால்தான் அது வாயைத் திறக்கும்.

உங்களுக்கும் மஸ்கதேயோடு பழக்கம் இருந்தால் எழுதுங்கள்.

புதுச்சேரிப் பேத்தி எழுதியது:

அண்ணா, மஸ்கட் குழப்பம் எங்கள் வீட்டிலும் நடந்ததுதான், அதை விடுங்கள். எனக்கு இது சமையல்கட்டு வழியாகத்தான் பழக்கம். உங்கள் நாந்த் பக்கத்து 'பேர் பிளான்' சாஸ் செய்வேன். சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, மஸ்கதேயும் கொஞ்சம் வினிகரும் விட்டு வற்றவிட வேண்டும். இரண்டு ஸ்பூன் மிஞ்சும்போது அடுப்பைத் தணித்து, சில்லென்ற வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடிக்க வேண்டும். முதல் தடவை தீ கூடிவிட்டது, வெண்ணெய் பிரிந்து நெய்யாக மிதந்தது. மாமியார் எட்டிப் பார்த்து, "நெய் காய்ச்சுறியாம்மா?" என்று கேட்டார். இப்போது கை பழகிவிட்டது. ஆற்றுமீன் மேல் ஊற்றினால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள்கூட இன்னொரு துண்டு கேட்கிறார்கள்.

நம் சாப்பாட்டோடு என்றால், புளி விட்ட மீன் குழம்பு வேண்டாம். இரண்டு புளிப்பும் மோதி வைன் காணாமல் போகிறது. மிளகாய்த்தூள் குறைத்து, மிளகு தூக்கலாகப் போட்ட மத்தி வறுவலோடு நன்றாக இருந்தது.

பாரிஸ்வாசி எழுதியது:

நான் இதை மலிவுச் சரக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தவன். ஒரு கடையில் வாங்கிய பாட்டில் வெயில்பட்ட ஜன்னலில் கிடந்தது போலிருக்கிறது, அழுகின ஆப்பிள் வாசனை. திருப்பிக் கொடுக்கப் போனால் 'மஸ்கதே அப்படித்தான் இருக்கும்' என்றார்கள். நானும் நம்பி நாலு வருடம் தொடவில்லை.

அப்புறம் ஒரு நண்பர் கிளிசோன் என்று ஊர்ப்பேர் போட்ட பாட்டில் கொண்டு வந்தார். கிளிசோன், கோர்ழ், ல பாலே என்ற மூன்று ஊர் மஸ்கதேக்கும் 2011-ல் தனித் தகுதி கொடுத்தார்கள். கிளிசோன் கருங்கல் மண். மண்டியின் மேல் ஒரு குளிர்காலம் அல்ல, இரண்டு வருடத்துக்கு மேல் கிடக்கிறது. தேன்மெழுகு, வறுத்த பாதாம், அடியில் அதே எலுமிச்சை. பதினைந்து யூரோ பக்கம் வரும். அதே விலையில் கிடைக்கும் பர்கண்டி வெள்ளையை வாங்குவதை விட்டுவிட்டேன். ஆனால் சிப்பியோடு சாதாரண மலிவு மஸ்கதேதான். கிளிசோன் அங்கே எடுபடாது, கனம் அதிகம்.

முதலில் எழுதியவர்:

ஜன்னலில் கிடந்த பாட்டிலுக்கு மஸ்கதே என்ன செய்யும், பாவம். கிளிசோன் இன்னும் குடித்துப் பார்க்கவில்லை, பாரிஸ்வாசி சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.

சிப்பி, மீன் எதுவும் சாப்பிடாதவர்கள் என்ன செய்வது என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். லுவார் ஆற்றுப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ் அருமையாகச் சேரும், அதிகம் முற்றாததாகப் பார்த்து வாங்குங்கள். அவியலோடு பார்த்தேன், தேங்காயெண்ணெய் வாசனை முந்திக்கொண்டது. ஒருநாள் தயிர்சாதத்தோடும் குடித்துப் பார்த்தேன். மோசமில்லை. ஊரில் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.