படகுக் கணக்கு: கோணம் −53° வருது, புத்தகத்தில் 36.87°. எது சரி?

குடமுருட்டி:
வணக்கம். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, அகலம் 300 மீ, நீரோட்டம் 1.5 மீ/வி. நிலையான நீரில் படகின் வேகம் 2.5 மீ/வி. தென்கரையில் கிளம்பி நேர் எதிரே வடகரையில் சேரணும். படகை எந்தத் திசையில் திருப்பணும், எவ்வளவு நேரம் ஆகும்?

கிழக்கு எக்ஸ் அச்சு, வடக்கு ஒய் அச்சு. நீரைப் பொறுத்துப் படகின் கூறுகள் (−1.5, 2.0): −1.5 நீரோட்டத்தை ஈடுகட்ட, 2.0 என்பது √(2.5² − 1.5²). டேன் இன்வர்ஸ் போட்டால் −53.13°. புத்தக விடை 36.87°, 150 வினாடி. கூடப் படிக்கிறவன் 126.87° என்கிறான். நேரமும் எனக்கு 300 ÷ 2.5 = 120 வினாடிதான். எங்கே இடிக்குது?

வெட்டாறு:
கூறுகள் சரி தம்பி. கோளாறு அதற்கு அடுத்த படியில். 2.0-ஐ −1.5-ஆல் வகுத்தாலும், −2.0-ஐ 1.5-ஆல் வகுத்தாலும் −1.333 தான். வகுத்ததுமே எந்தக் கூறு மைனஸ் என்ற தகவல் போய்விட்டது. கால்குலேட்டர் −90° முதல் 90° வரைக்குள்தான் கோணம் சொல்லும். அது காட்டிய −53.13° தென்கிழக்கு, அந்தப் பக்கம் திருப்பினால் படகு கிளம்பிய கரையிலேயே முட்டும். எக்ஸ் கூறு மைனஸ் என்றால் 180° கூட்டு: 126.87°. புத்தகம் வடக்கிலிருந்து மேற்கு நோக்கி அளந்திருக்கிறது, 126.87 − 90 = 36.87. இரண்டும் ஒரே திசை. எந்த அச்சிலிருந்து, எந்தப் பக்கமாக அளந்தது என்று எழுதாத கோணத்துக்கு மார்க் போகும், போவது நியாயமும்கூட.

நேரம்: 2.5 என்பது நீரைப் பொறுத்த வேகம். அதில் 1.5 கூறு நீரோட்டத்துக்கு ஈடுகொடுப்பதிலேயே தீர்ந்துவிடும். அக்கரை நோக்கிப் போவது 2.0 மட்டும், 300 ÷ 2.0 = 150. உன் 120 வினாடி, நேர் வடக்கே திருப்பி ஓட்டினால் ஆகும் நேரம். கடக்க அதுதான் மிகக் குறைந்த நேரம், ஆனால் 180 மீ கிழக்கே தள்ளிப்போய்த்தான் கரையேறுவாய்.

அரசலாறு:
கேசியோவில் 'போல்' பொத்தான் இருந்தால் கூறுகளை அப்படியே கொடுங்கள், 2.5-ம் 126.87-ம் சேர்ந்தே வரும். டேன் இன்வர்ஸ் போட்டு −0.927 மாதிரி வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் இல்லை, ரேடியனில் இருக்கிறது. இரண்டு கூறுகளையும் வாங்கிக் கோணம் தரும் ஏடேன்2 என்ற சார்பு கணினியில் உண்டு: பைத்தானின் ஏடேன்2-க்கு ஒய் முதலில், எக்செல்லின் ஏடேன்2-க்கு எக்ஸ் முதலில். இதில் நிறையப் பேர் வழுக்குவார்கள். போன் திசைகாட்டி வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும். 90-லிருந்து கோணத்தைக் கழித்து, மைனஸ் வந்தால் 360 கூட்டுங்கள்: 323.13°.

குடமுருட்டி:
புரிஞ்சுது, நன்றிண்ணா. ஆனா கொள்ளிடம் மாதிரி வடகிழக்காகச் சாய்ந்து ஓடும் ஆறு என்றால்? நீரோட்டத்தையும் இரண்டு கூறாகப் பிரிக்கணுமா?

வெட்டாறு:
பிரிக்கலாம், ஆனால் வேலை இரட்டிப்பு. எக்ஸ் அச்சை ஓட்டத்தோடு, ஒய் அச்சைக் கரைக்குச் செங்குத்தாகப் போடு. கணக்கு மாறவே மாறாது, அதே (−1.5, 2.0). வரைபடத் திசை வேண்டுமானால் கடைசியில் திருப்பிக்கொள். ஓட்டம் கிழக்கிலிருந்து 30° வடக்கே சாய்ந்திருக்கிறது என்று வை:

கிழக்குக் கூறு = −1.5 காஸ் 30° − 2.0 சைன் 30° = −2.299
வடக்குக் கூறு = −1.5 சைன் 30° + 2.0 காஸ் 30° = 0.982

சரிபார்க்க எண்மதிப்பைப் போட்டுப் பார்: √(2.299² + 0.982²) = 2.5. அச்சைத் திருப்பினால் கூறுகள்தான் மாறும், வெக்டர் மாறாது. எண்மதிப்பு மாறியிருந்தால் சைனுக்கு முன்னால் உள்ள குறியைப் பார், பெரும்பாலும் அங்கேதான் தப்பு. கோணம் 156.87°, அதாவது 126.87 + 30.

வெண்ணாறு:
இதே கணக்கில் நீரோட்டத்தை 3 மீ/வி ஆக்கிப் பாருங்கள். செங்குத்திலிருந்து படகைத் திருப்பும் கோணம் தீட்டா என்றால், சைன் தீட்டா = 3 ÷ 2.5 = 1.2, கால்குலேட்டர் எரர் காட்டும். மெஷின் கோளாறு இல்லை. அந்த ஓட்டத்தில் நேர் எதிர்க்கரை சேரவே முடியாது. தள்ளிப்போகும் தூரத்தைக் குறைக்க மட்டும் முடியும். அதற்குப் பின்னம் தலைகீழாகும்: சைன் தீட்டா = 2.5 ÷ 3, செங்குத்திலிருந்து எதிரோட்டப் பக்கம் 56.44°. கடக்க சுமார் 217 வினாடி, தள்ளுவது சுமார் 199 மீ. நேரே திருப்பினால் 120 வினாடி, 360 மீ.