சாஃப்ட்வேரோட செட்டிங் ஃபைல்ல இருக்கணுமா, திரையிலயா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

காவேரிப்பட்டணம், மாங்காய் மண்டி:

எங்க பில் சாஃப்ட்வேர்ல கடை பேரு, கமிஷன், பேப்பர் அகலம் எல்லாமே ஐஎன்ஐன்னு ஒரு செட்டிங் டெக்ஸ்ட் ஃபைல்லதான் இருக்கு. மாத்தணும்னா நோட்பேட்ல திறக்கணும். விவசாயிங்க படிக்கட்டும்னு கணக்கு எழுதுற பொண்ணு போன வாரம் கடை பேரைத் தமிழ்ல போட்டுச்சு. தமிழ் எழுத்தைத் தாங்கற யூடிஎஃப்-8 முறையில சேவ் ஆச்சு. அடுத்த பில்லுல கடை பேரே வரல. மூணு இன்ச் ரோல்ல வரியெல்லாம் உடைஞ்சு, பெங்களூரா மாங்கா எடை ஒரு வரியில, ரேட்டு அடுத்த வரியில. ஃபைலைத் திறந்தா எழுதினது எழுதினபடி இருக்கு. சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை சொல்லல. வெளியே லாரி நிக்குது, சாயங்காலம் வரைக்கும் கைபில்தான்.

அடிக்கடி மாறுறதை ஃபைல்ல வைக்கறதே அநியாயம். கணக்கு எழுதுறவங்களுக்கு ஒரு கட்டமும் சேவ் பட்டனும் போதும்.

ஓசூர், சர்வர் வேலை:

அண்ணா, அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. பழைய நோட்பேட் யூடிஎஃப்-8-ல சேவ் பண்ணா ஃபைல் தலையில கண்ணுக்குத் தெரியாத மூணு பைட் சேர்த்துடும். பிஓஎம்னு சொல்வோம். அது ஒட்டினதும் சதுர அடைப்புக்குறியில இருக்கற முதல் தலைப்பு சாஃப்ட்வேருக்குப் புரியாது, அந்தப் பகுதி மொத்தமும் போச்சு. விண்டோஸ் 10-ல 2019-க்கு அப்புறம்தான் அது இல்லாம சேவ் ஆகறது வழக்கமாச்சு. முதல் வரியைக் காலியா விட்டுப் பாருங்க.

ஆனா ஃபைலே வேணாம்னு சொல்லாதீங்க. ஃபைல் மாற்றத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கற கிட் சாஃப்ட்வேர்ல போட்டு வச்சா எந்த வரியை யாரு, எப்ப, எதுக்கு மாத்தினாங்கன்னு பார்க்கலாம். திரையில டிக் அடிச்சதுக்கு அந்தத் தடயம் எங்க இருக்கு? என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர் சாஃப்ட்வேர்ல ஓட்டறதுக்கு முன்னாடியே சோதிச்சா தப்பு எந்த ஃபைல்ல, எத்தனாவது வரியில இருக்குன்னு சொல்லிடும். எல்லா ஃபைலும் அப்படி நல்லதில்ல. ஜேசான்ங்கற ஃபைல் வகையில குறிப்பு எழுத வழியில்ல. யாமல்ங்கற இன்னொரு வகையோட 1.1 பதிப்புல நார்வேயோட குறியீடு ‘என்ஓ’ன்னு மேற்கோள்குறி இல்லாம எழுதினா ‘இல்லை’ன்னு எடுத்துக்கும். 2009-ல வந்த 1.2 அதைத் திருத்தியும் பழையபடி படிக்கற நிரல் நூலகங்கள் இன்னும் இருக்கு.

தருமபுரி, டிடிபி சென்டர்:

எனக்குச் சோறு போடறதே ஃபைல்தான். உபுண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல தமிழ்99 விசைப்பலகை வச்சிருக்கேன். 1999-ல அரசு ஏத்துக்கிட்டது. செட்டிங் திரையில எந்தப் பலகைன்னு தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு விசையை மாத்தணும்னா அங்க வழி கிடையாது. அடியில இருக்கற எம்17என்ங்கற விசைப்பலகை ஃபைலைத் திறந்தா இந்த விசைக்கு இந்த எழுத்துன்னு வரி வரியா அடைப்புக்குறிக்குள்ள இருக்கு, யாரும் படிக்கலாம். பத்திர வேலைக்கு ரூபாய் குறி அடிக்கடி வேணும். ஃபைலை என் ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி பண்ணி ஒரு வரி சேர்த்தேன். காப்பி என்னோடதா இருக்கறதால அப்டேட் வந்தாலும் அழியறதில்ல. புது கம்ப்யூட்டர் வாங்கினப்ப அந்த ஒரு ஃபைலை எடுத்துப் போட்டேன், கை பழகினபடியே ஓடுது.

காவேரிப்பட்டணம், மாங்காய் மண்டி:

தம்பி, காலி வரி விட்டதும் அகலம் சரியாயிடுச்சு, பில் ஒழுங்கா வருது. தமிழ்ப் பேரு மட்டும் கோணல் மாணலா வந்ததால இங்கிலீஷுக்கே மாத்திட்டோம், அதுல மனசுக்குக் கஷ்டம்தான். சாஃப்ட்வேர் எழுதினவர்கிட்ட கேட்டிருக்கேன்: கமிஷனும் கடை பேரும் திரைக்கு வரணும், பேரு தமிழ்லயே அச்சாகணும். மீதி ஃபைல்லயே இருக்கட்டும். ஃபைலைப் படிக்க முடியலன்னா சாஃப்ட்வேர் தன் பாட்டுக்கு ஒரு அகலத்தை எடுத்துக்காம, வரி நம்பரைச் சொல்லி நிக்கணும்.