ஃபோர்ட்நைட்: உங்கள் கணக்கில் பதினான்கா, பதினைந்தா?

பெருங்குடிவாசி:
ஆஸ்திரேலிய நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே பலருக்கும் ஃபோர்ட்நைட்டுக்கு, அதாவது இரண்டு வாரத்துக்கு, ஒரு முறை சம்பளம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அதை 'மாதமிருமுறை' என்று எடுத்துக்கொண்டு, ஆண்டுச் சம்பளத்தை 24-ஆல் வகுத்துவிட்டார். வகுக்க வேண்டியது 26-ஆல். 78,000 டாலர் வாங்குபவருக்கு 3,000 வர வேண்டிய இடத்தில் 3,250 வந்து நின்றது. நல்லவேளை, பணம் போகுமுன் மேலாளர் பிடித்துவிட்டார். "பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்றால் மாதத்துக்கு இரண்டுதானே அண்ணா?" என்று தம்பி கேட்டார். நம் ஊரில் யாரும் அப்படித்தானே கேட்பார்கள்!

இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. 26 ஃபோர்ட்நைட் சேர்ந்தால் 364 நாள்தான். மிஞ்சும் ஒன்றிரண்டு நாள்கள் சேர்ந்து சேர்ந்து, ஏதோ ஓர் ஆண்டில் 27-வது சம்பளத் தேதியாக வந்து நிற்கும். அந்த ஆண்டு எங்கள் பிரிவில் யாருக்கும் டிசம்பர் விடுப்பு கிடையாது.

பாரிமுனை வக்கீல்:
எங்கள் பக்கம் 15-தான் ராஜா. மாஜிஸ்திரேட் ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் ரிமாண்ட் நீட்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. கட்சிக்காரர் ஒருவரின் அண்ணன் லண்டனில் இருக்கிறார். என் ஜூனியர் அவருக்கு 'ஃபோர்ட்நைட்' என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். மனிதர் 14 நாளை எண்ணி வைத்துக்கொண்டு, "இன்று ஏன் தம்பியை ஆஜர்படுத்தவில்லை?" என்று காலையிலேயே போனில் பிடித்துக்கொண்டார்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, திருவல்லிக்கேணி:
இந்தச் சொல்லைக் கேட்டதும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் சிப்பாய்கள் இராக்காவல் இருந்ததை நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் எனக்கு வாய்த்திருக்கிறார்கள். இப்போது டியூஷனுக்கு வரும் பையன் fortnight என்பதற்குப் பதில் Fortnite என்று அதே ஒலியுள்ள வீடியோ கேமின் எழுத்துக்கூட்டலைக் கட்டுரையில் எழுதிவிட்டு, நான் சுழித்தால் என்னையே சந்தேகமாகப் பார்க்கிறான்.

கோட்டைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழைய ஆங்கிலத்தில் 'பதினான்கு இரவுகள்' என்று இரண்டு சொல்லாக இருந்தது தேய்ந்து ஒன்றாயிற்று. ஏழு இரவைக் குறிக்க 'சென்னைட்' என்று ஒரு சொல்லும் இருந்தது; நம் ஊர்ப் பெயர் போல ஒலித்த அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. பகலை விட்டு இரவை ஏன் எண்ணினார்கள் என்று கேட்காத வகுப்பே இல்லை. ஜெர்மானிய இனத்தார் நாளை எண்ணாமல் இரவையே எண்ணுவார்கள் என்று ரோமானியரான டாசிட்டஸ் முதலாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலேயரின் முன்னோர் அந்த இனத்தார்தான்.

நாம் 15 சொல்வதிலும் குற்றமில்லை. வெள்ளிக்கு வெள்ளி எட்டு நாள் என்று இரு முனையையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் நாம். பட்சத்துக்கும் திதி பதினைந்து. ஆனால் திதி, நாளைவிடச் சற்றுக் குட்டை. அமாவாசையிலிருந்து பௌர்ணமிக்குச் சராசரியாகப் பதினான்கே முக்கால் நாள்தான். சந்திரன் இரு கட்சிக்கும் பிடிகொடுக்கவில்லை!

பெருங்குடிவாசி:
அருமை டீச்சர். அமெரிக்க வாடிக்கையாளரிடம் இந்தச் சொல் செல்லாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது 'பைவீக்லி'. அதற்கு வாரம் இருமுறை என்றும் பொருள், இரு வாரத்துக்கு ஒருமுறை என்றும் பொருள். கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் எது என்று கேட்டு எழுதாமல் நான் காலண்டரில் குறிப்பதில்லை.