பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசினால் அதட்டுவதுபோல் கேட்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எல்லாம் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நின்று பேசுகிறவர்கள். போன வாரம் தமிழ் தெரியாத விருந்தினர் ஒருவர் வந்திருந்தார். ஒரு பையனை உட்காரச் சொன்னார், அவன் ‘நோ நீட்’ என்றான். பக்கத்தில் இருந்தவள் ‘கிவ் மீ யுவர் பென்’ என்று கையை நீட்டினாள். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எனக்கு மனசே சரியில்லை. அவள் சொன்னதில் இலக்கணப் பிழை இல்லையே, எதைத் திருத்துவது? ‘பிளீஸ்’ சேர்க்கச் சொன்னேன், சேர்க்கிறார்கள், அப்பவும் அதட்டல் போகவில்லை.

காப்பார் ஆசிரியர்:
டீச்சர், பிள்ளைகள் மேல் தப்பில்லை. ‘பேனா குடுங்க’ என்று சொல்லும்போது அந்த ‘ங்க’விலேயே மரியாதை வந்துவிடுகிறது, ஆங்கில வினைச்சொல்லில் அப்படி ஒட்டுவதற்கு ஒன்றும் கிடையாது, அதனால் அங்கே பணிவைக் காட்ட வாக்கியத்தையே கேள்வியாக்குகிறார்கள்: ‘குட் ஐ பாரோ யுவர் பென்?’ உங்கள் மாணவி மனசுக்குள் ‘குடுங்க’ என்றுதான் சொல்லியிருப்பாள், வழியில் ‘ங்க’ விழுந்துவிட்டது. ‘நோ நீட்’டும் அப்படித்தான், ‘வேணாங்க’ என்பதும் ‘தேவையில்லை’ என்று பொருள்படும் மலாய் ‘தாக் பாயா’வும் சேர்ந்து வந்தது. மொழியியல் அறிஞர் ஜென்னி தாமஸ் 1983இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சொல்கிறார்: இலக்கணம் தப்பினால் ‘இவருக்கு மொழி போதாது’ என்று நினைப்பார்கள், இந்த மாதிரி தப்பினால் ஆளையே மரியாதை தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சரளமாகப் பேசுகிற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகம்.

குளுவாங் அக்கா:
நான் தமிழிலிருந்து தொடங்குவேன். ஒரே குடையைக் கூட்டாளியிடம், கடைக்கார அக்காவிடம், தோட்டத்துக் கிராணி (அலுவலக எழுத்தர்) ஐயாவிடம் இரவல் கேட்டு நடிக்கச் சொல்லுங்கள். ‘டேய் தாடா’விலிருந்து ‘ஐயா, மழையா இருக்கு, கொஞ்சம் குடை கிடைக்குங்களா’ வரை தானாக மாற்றுவார்கள். நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அதைப் பலகையில் எழுதிவிட்டு, அப்புறம் அதே மூன்று பேரிடம் ஆங்கிலத்தில் கேட்க விடுங்கள். ‘கேன் ஐ’, ‘குட் ஐ’, ‘வுட் யூ மைண்ட்’ எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் பிடிபடும். ஒன்று மட்டும்: கூட்டாளியிடம் ‘கேன் ஆ?’ என்று கேட்பதைத் திட்டாதீர்கள், அந்த இடத்துக்கு அது சரியான பேச்சு.

கேள்வி கேட்டவர்:
செய்து பார்த்தேன் அக்கா, நன்றி. கிராணி வேடம் போட்டவன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் எதிரே நின்றவள் குரலே இறங்கிவிட்டது, ‘எக்ஸ்கியூஸ் மீ சார்’ என்று தானாகவே ஆரம்பித்தாள். ‘நோ நீட்’டுக்குப் பதில் ‘ஐ எம் ஃபைன், தேங்க் யூ’ வந்துவிட்டது. ஆனால் என்னை ‘யூ’ என்று சொல்லக் கூசுகிறார்கள், ‘டீச்சர் வாண்ட் திஸ் புக்?’ என்றுதான் கேட்கிறார்கள்.

காப்பார் ஆசிரியர்:
உங்களிடம் அப்படியே பேசட்டும் டீச்சர், மலாயில் ஆசிரியரை ‘நீங்கள்’ என்னாமல் ‘சிக்கு’ (ஆசிரியர்) என்றே சொல்லிப் பழகிய நாக்கு. வெளியாரிடம் ‘யூ’ சொன்னால் குற்றமில்லை, ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டுக்கும் அது ஒன்றுதான் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.